உலைக்குப் போகும் முன்

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். கொல்கத்தா நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர்களில் இதுவும் ஒன்று. கிழக்கே பழவேற்காடு ஏரியின் உப்புநீர், தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. இந்தப் பகுதிக்குள் நுழையும் லாரிகள் பலவற்றில் இருப்பது பழைய இரும்பு. காயலான் கடையில் எடைக்குப் போட்ட சைக்கிள் ரிம், துருவேறிய தண்ணீர்த் தொட்டி, இடித்த கட்டடத்தின் வளைந்த கம்பி, துண்டாக வெட்டிய லாரி சேஸ், வெளிநாட்டிலிருந்து கண்டெய்னரில் வந்து இறங்கிய இயந்திர பாகம். எல்லாம் சிப்காட்டின் பர்னஸ்களில் ஏறக்குறைய 1,600 டிகிரி வெப்பத்தில் உருகுகின்றன. பில்லட்டாக வார்க்கப்படுகின்றன. ரோலிங் மில்லில் நீண்டு டிஎம்டி கம்பியாக வெளியே வருகின்றன. பிறகு ஏதோ ஓர் அடுக்குமாடியின் தூணுக்குள் போய்விடுகின்றன.

அந்தக் குவியல் உலைக்குப் போகும் முன் ஒரு கலைஞரின் கண்ணில் பட வேண்டும். இந்தக் கட்டுரையின் கோரிக்கை அவ்வளவுதான். 1850-ல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்று சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் புறநகர் ரயில் ஓடுகிறது. தூரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். சிற்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு பெரிய பொருட்கிடங்கு கிடைப்பது அரிது.

பழைய இரும்பும் பாட்டில் மூடியும் தலைமுடியும் கலையாகுமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழர் வீட்டில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஒரு பிடி மஞ்சளைப் பிடித்து வைத்தால் பிள்ளையார். மார்கழிக் கோலத்தின் நடுவே சாண உருண்டை, அதன் தலையில் பூசணிப் பூ. ஐயனாருக்குச் சுடுமண் குதிரை, கோபுரத்துக்குச் சுதை, பழனி மூலவருக்கு நவபாஷாணம், காஞ்சிபுரத்தில் 40 ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் வரதருக்கு அத்திமரம். விநாயகர் சதுர்த்தி வந்துவிட்டால் கரும்பிலும் தேங்காயிலும் டம்ளரிலும் பிள்ளையார் செய்து நிறுத்தத் தெருவுக்குத் தெரு ஆள் உண்டு. அவற்றைப் பார்த்து யாரும் இது சிற்பமா என்று கேட்பதில்லை.

கல்லே ஒரு காலத்தில் இங்கே புதுப்பொருள்தான். விழுப்புரம் பக்கத்தில் மண்டகப்பட்டு என்ற ஊர் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்புக் காரை இல்லாமல் இதைச் செய்தேன் என்று கல்வெட்டில் பெருமையோடு சொல்லிக்கொண்டான். அதுவரை கோயிலென்றால் அந்த நான்கும்தான். கல் பெரும்பாலும் இறந்தவர்களுக்கு நடப்பட்டது, நடுகல்லாக. அதை எடுத்துக் கடவுளுக்கு வீடாக்கிய துணிச்சலில்தான் பிற்கால மாமல்லபுரம் பிறந்தது. ‘விசித்திரசித்தன்’ என்ற பட்டப்பெயரும் அந்தக் கல்வெட்டிலேயே இருக்கிறது. வழக்கத்துக்கு மாறான பொருளைக் கையிலெடுப்பது மேற்கத்திய மோகம் என்போர் மண்டகப்பட்டு வரை ஒருமுறை போய்வரலாம்.

பொருளை மாற்றினால் மட்டும் கலை வந்துவிடாது என்பதும் உண்மை. அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது, ஏன் தூக்கியெறியப்பட்டது என்ற கதையையும் அது கூடவே கொண்டுவர வேண்டும். இந்தியாவில் இதை ஆழமாகச் செய்துகாட்டியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஷீலா கௌடா. இரும்பாலைக்குப் பெயர்போன கர்நாடகத்துப் பத்ராவதியில் 1957-ல் பிறந்தவர். பெங்களூரு, பரோடா, சாந்திநிகேதன், லண்டன் என்று படித்து ஓவியராகத் தொடங்கினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாட்டை உலுக்கிய மதக் கலவரங்களுக்குப் பிறகு, தூரிகையும் வண்ணமும் போதவில்லை என்று சாணத்தை எடுத்தார். பெண்களின் கை தினமும் புழங்கும் பொருள் அது. வீட்டைத் தூய்மையாக்குவதும் அதுதான், அடுப்பு எரிப்பதும் அதுதான்.

1998-ல் அவர் செய்த ஒரு படைப்பில் நீளநீளமான நூல்களை ஊசிக் காதுகளின் வழியே இழுத்து, குங்குமமும் கோந்தும் பூசிச் சிவந்த கயிறுகளாக்கினார். சுவரிலும் தரையிலும் அவை வளைந்து கிடக்கின்றன. ஒரு நுனியில் ஊசிகள் கொத்தாகத் தொங்குகின்றன. மங்கலமும் வலியும் ஒரே கயிற்றில் வந்துவிட்டன. 2006-ல் தார் டிரம்களை எடுத்தார். சாலை போடும் தொழிலாளர்கள் காலி டிரம்மை வெட்டித் தட்டையாக்கித் தங்களுக்குக் குடிசை கட்டிக்கொள்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் தகடுகளையும் டிரம்களையும் கொண்டே ஓர் இருட்டறை எழுப்பினார். குனிந்து உள்ளே போக வேண்டும். மேலே சிறு துளைகள் வழியாக வரும் வெளிச்சம் விண்மீன்களாகத் தெரியும்.

2009-ல் வெனிஸ் பியன்னாலே கலைவிழாவில் வைத்த படைப்புதான் ஆரம்பாக்கம் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு மிக நெருக்கமானது. தலைமுடியை முறுக்கித் திரித்த கயிறு, ஏறக்குறைய 4,000 மீட்டர். அதில் கட்டித் தொங்கவிட்ட 20 கார் பம்பர்கள். கோயிலில் முடி காணிக்கை கொடுக்கும்போது நீளமான முடி விக் செய்யப் போய்விடுகிறது. மிஞ்சும் குட்டை முடியைத் திரித்துக் கயிறாக்கி, திருஷ்டி படாமலிருக்க வண்டியின் பம்பரில் கட்டுகிறார்கள். இதே மாவட்டத்தில் திருத்தணி இருக்கிறது, எல்லை தாண்டினால் திருப்பதி. மொட்டை போட்டுவந்த குடும்பமும் கறுப்புக் கயிறு கட்டிய லாரியும் நெடுஞ்சாலையில் ஒன்றையொன்று கடந்துபோகின்றன. நாம் ஒருபோதும் சேர்த்துப் பார்க்காத அந்த இரண்டையும் ஷீலா கௌடா சேர்த்துக் கட்டினார். வேண்டுதல், பயம், வணிகம், உடம்பு எல்லாம் அந்தக் கயிற்றுக்குள் இருக்கின்றன. லண்டன் டேட் அருங்காட்சியகம் அதை வாங்கி வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டிலேயே சொல்ல ஒருவர் இருக்கிறார். திருவண்ணாமலையில் பிறந்து சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்த பெனிதா பெர்சியாள். குந்திரிக்கம், வெள்ளைப்போளம், கிராம்பு, இலவங்கப்பட்டை, மரப்பட்டைத் தூள் ஆகியவற்றைக் குழைத்து உருவம் செய்பவர். 2014 கொச்சி-முசிறிஸ் பியன்னாலேயில் அவர் வைத்த கிறிஸ்தவத் திருவுருவங்கள் கண்ணுக்கு முன்பே மூக்குக்கு எட்டின. மிளகுக்கும் வாசனைப் பொருளுக்கும் கப்பல் வந்த கரையில், அந்தக் கப்பல்களோடு வந்த ஒரு நம்பிக்கையை அதே வாசனைப் பொருளில் வடித்தார். பளிங்கிலோ வெண்கலத்திலோ அதே உருவங்களைச் செய்திருந்தால் அழகாக இருந்திருக்கும். கொச்சியின் கதை அதில் இருந்திருக்காது.

பழவேற்காட்டுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே இப்படி ஒரு சரடு ஓடுகிறது, அதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 1613-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டியது துணிக்காகத்தான். இந்தக் கடற்கரையின் கட்டம்போட்ட கைத்தறித் துணி பிற்காலத்தில் ‘மெட்ராஸ்’ என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது. நைஜீரியாவின் கடலோரத்தில் வாழும் கலபாரி மக்கள் அந்தத் துணியை அப்படியே உடுத்தவில்லை. குறிப்பிட்ட நூல்களை மட்டும் வெட்டி உருவியெடுத்து, கட்டத்துக்குள்ளேயே புதிய கோலம் கண்டார்கள். நம் நெசவாளி முடித்து அனுப்பிய துணி அவர்கள் கையில் மறுபடியும் மூலப்பொருளானது.

அதே நைஜீரியாவில்தான் எல் அனாட்சுய் வேலை செய்தார். 1944-ல் கானாவில் பிறந்து, 1975 முதல் நைஜீரியாவின் ந்சுக்கா பல்கலைக்கழகத்தில் சிற்பம் கற்பித்தவர். தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு நாள், யாரோ போட்டுவிட்டுப்போன பை ஒன்று அவர் கண்ணில் பட்டது. உள்ளே மதுபாட்டில்களின் அலுமினிய மூடிகள். மடித்து, தட்டையாக்கி, செப்புக் கம்பியால் கோத்துப் பார்த்தார். சுவரளவு விரியும் உலோகச் சேலை கிடைத்தது. அது வெறும் பளபளப்பு இல்லை. ஐரோப்பியர் ஆப்பிரிக்காவுக்குச் சாராயம் கொண்டுவந்து அடிமைகளை வாங்கிப்போன வரலாறு அந்த மூடிக்குப் பின்னால் இருக்கிறது. அதைத் தைப்பது அவரது பட்டறையின் பல கைகள். 2015-ல் வெனிஸ் பியன்னாலே அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது தந்தது.

இந்தப் பின்னணியில், நம் நகரங்களில் ‘கழிவிலிருந்து கலை’ என்ற பெயரில் நடப்பதைப் பார்க்க வேண்டும். 2019 பிப்ரவரியில் டெல்லி சராய் காலே கானில் ஒரு பூங்கா திறந்தார்கள். ஏறக்குறைய 150 டன் பழைய இரும்பில் உலக அதிசயங்களின் நகல்கள்: தாஜ்மகால், ஈஃபில் கோபுரம், பிரமிடு, பைசா சாய்ந்த கோபுரம். குடும்பத்தோடு போய்ப் படமெடுத்துக்கொள்ள நல்ல இடம், குழந்தைகள் மகிழ்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டெல்லியின் 150 டன் இரும்பு டெல்லியைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. எந்தப் பேருந்தின் அச்சு அது, எந்தத் தெருவிளக்கின் கம்பம் அது என்பது பாரிஸின் கோபுரத்துக்குள் காணாமல் போய்விட்டது. அது வெளிப்பட்டிருந்தால் அந்தப் பூங்கா டெல்லி மக்களின் பூங்காவாகியிருக்கும். போல்ட்டும் நட்டும் சைக்கிள் செயினும் ஒட்டிய காளைகளும் குதிரைகளும் இப்போது ஊர் ஊராக நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் கைத்திறன் இருக்கிறது, கேள்வி இல்லை. இரும்புக்குப் பதில் பிளாஸ்டிக் தந்திருந்தாலும் அதே காளைதான் வந்திருக்கும்.

வித்தியாசம் தெரிய ஒரு காளைத் தலையே போதும். 1942-ல், ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில், பிக்காசோ பழைய சாமான்களுக்கு நடுவே கிடந்த ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்தார். சீட் முகமானது, ஹேண்டில்பார் கொம்பானது. பார்ப்பவருக்குக் காளையும் தெரிகிறது, சைக்கிளும் தெரிகிறது. ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை.

ராம்கிங்கர் பைஜ் இதை இன்னும் ஏழ்மையான பொருளில் செய்தவர். வெண்கலத்துக்குக் காசில்லை. பீர்பூம் மண்ணின் செம்பூரான் சரளையையும் சிமெண்டையும் கலந்து 1938-ல் சாந்திநிகேதனில் ‘சந்தால் குடும்பம்’ எழுப்பினார். கூடையும் குழந்தையுமாக, கூட ஒரு நாயோடு, இடம்பெயர்ந்து போகும் ஆதிவாசிக் குடும்பம். அவர்கள் நடந்த மண்ணே அவர்கள் உடம்பானது. 1956-ல் அதே முறையில் ‘ஆலை அழைப்பு’ செய்தார். சங்கு ஊதியதும் ஈரச் சேலை காற்றில் பறக்க வேலைக்கு ஓடும் பெண்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் சிப்காட் வாசலில் நிற்பவர்கள் அந்தச் சிற்பத்தை ஒருமுறை பார்த்தால் போதும், யாரும் விளக்கத் தேவையில்லை.

சென்னைக்கும் உலோகம் புதிதில்லை. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியபோது அவரைச் சுற்றியிருந்தவர்களில் பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டிச் சிற்பம் செய்தார். கோயில் மூலவருக்குக் கவசம் அடிக்கும் கைவேலைதான் அதற்கு ஊற்று. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் வெல்டிங் செய்து, மேலே எனாமல் ஏற்றி, நமது தொன்மக் கதைகளுக்குப் புதிய உடம்பு கொடுத்தார். இருவரும் இன்று இல்லை. கவசத் தட்டாரிடமிருந்து ஜானகிராம் எடுத்துக்கொண்டதைப் போல, சிப்காட்டின் கேஸ் கட்டர்காரரிடமிருந்து எடுத்துக்கொள்ள அடுத்த தலைமுறைக்கு எவ்வளவோ இருக்கிறது. பத்தாண்டுகள் இரும்பு வெட்டியவருக்குத் துருவின் நிறத்தைப் பார்த்தே உலோகத்தின் தரம் தெரியும். எந்தத் துண்டு வெட்டும்போது துள்ளும், எந்தத் துண்டுக்குள் அழுத்தம் அடைபட்டிருக்கிறது என்பதும் தெரியும். கல்லூரிப் பாடத்தில் இது கிடைக்காது.

ஆலைக்குள் கலைஞரை விடுவது நடக்கிற காரியமா? வேறு இடங்களில் நடந்திருக்கிறது. 1962-ல் இத்தாலியின் ஸ்போலேட்டோ கலைவிழாவுக்காக, அந்நாட்டின் இரும்பு நிறுவனமான இத்தால்சிடர் தன் ஆலைகளைச் சிற்பிகளுக்குத் திறந்துவிட்டது. அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித்துக்கு ஜெனோவா அருகே வோல்ட்ரியில் மூடிக்கிடந்த ஓர் ஆலை கிடைத்தது. அவர் இளமையில் ஸ்டூடபேக்கர் கார் ஆலையிலும், உலகப் போர்க் காலத்தில் ரயில் இன்ஜின் ஆலையிலும் வேலை பார்த்தவர், தீப்பொறி அவருக்குப் பழக்கம். அங்கே விட்டுச்சென்ற இடுக்கி, சக்கரம், தகட்டு மிச்சம் எல்லாவற்றையும் சேர்த்து, ஆலைத் தொழிலாளர்களின் உதவியோடு ஒரே மாதத்தில் 25-க்கும் மேற்பட்ட சிற்பங்களை முடித்தார். அவர் வாழ்நாளின் மிகச் சிறந்த வேலைகளில் சில அவை. அதே ஏற்பாட்டில் அலெக்சாண்டர் கால்டர் வடிவமைத்த மாபெரும் இரும்புச் சிற்பம் இன்றும் ஸ்போலேட்டோ ரயில் நிலையத்துக்கு முன் நிற்கிறது.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் குளியலறைச் சாமான் செய்யும் கோலர் ஆலை 1974 முதல் தன் வார்ப்புக் கூடத்தில் கலைஞர்களுக்கு இடம் தருகிறது. சான்பிரான்சிஸ்கோவில் நகரக் குப்பையைக் கையாளும் நிறுவனம் 1990 முதல் கலைஞர்களைக் குப்பைக் கிடங்குக்கே அழைத்து, ஊதியமும் கொடுத்து, வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளச் சொல்கிறது. பக்கத்துக் கர்நாடகத்தில், விஜயநகர் இரும்பாலை நகரியத்தில், 2024-ல் ஹம்பி ஆர்ட் லேப்ஸ் என்ற கலை மையம் திறந்திருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்கு மட்டும் இது எட்டாத காரியமாக ஏன் இருக்க வேண்டும்?

பணம் தடையில்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதற்கான ஏழாம் அட்டவணையில் கலை, பண்பாடு என்ற தலைப்பும் இருக்கிறது. பள்ளிக்கூடக் கழிப்பறைக்கும் மருத்துவ முகாமுக்கும் போகும் பணத்தில் கைவைக்கச் சொல்லவில்லை. அவை முதலில் வரட்டும். பொருளுக்கோ செலவே இல்லை. ஒரு பர்னஸ் ஒரே வார்ப்பில் டன் கணக்கில் உருக்குகிறது, ஒரு மாணவர் ஒரு பருவத்துக்குக் கேட்பது அதில் சிறு பகுதி.

ஆபத்து என்ற தடை உண்மையானது, அதை லேசாகப் பேசக்கூடாது. 2010-ல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஏலம்விட்ட பழைய ஆய்வுக் கருவி ஒன்று காயலான் சந்தைக்கு வந்தது. அதற்குள் கோபால்ட்-60 இருந்தது. பிரித்தவர்கள் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். பழைய இரும்புக்குள் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மூடிய சிலிண்டர் வெடிக்கலாம். ஆனால் இந்த ஆபத்தோடுதான் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தினமும் வேலை பார்க்கிறார்கள். மாணவர் வருகிறார் என்பதற்காகக் கதிர்வீச்சு அளவியும் கண்ணாடியும் கையுறையும் யார்டுக்கு வந்தால், அது முதலில் அவர்களுக்குப் பயன்படும். மாணவர்கள் உலைப் பக்கம் போகவே தேவையில்லை. பிரித்துக் கொட்டும் யார்டும் ஒரு கொட்டகையும் போதும்.

தொழிலாளர் பங்கு இல்லாவிட்டால் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமில்லை. மாணவரோடு சேர்ந்து வெட்டும், ஒட்டும் ஆளுக்கு அந்த நாள்களின் கூலி ஓவர்டைமோடு கிடைக்க வேண்டும். சிற்பத்தின் அடியில் பொறிக்கும் பெயர்ப் பலகையில் அவர் பெயரும் ஊரும் அவர் மொழியிலேயே இருக்க வேண்டும். மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. பாறையை நெம்பும் அந்த நான்கு பேரை எல்லோருக்கும் தெரியும், அதை வார்த்த கைகளை யாருக்கும் தெரியாது.

முதல் ஆண்டுக்குப் பெரிய திட்டம் வேண்டாம். சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளிலிருந்தும் மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியிலிருந்தும் இரண்டிரண்டு இறுதியாண்டு மாணவர்கள், அனுபவமுள்ள இரண்டு வெல்டர்கள், ஒரு கேஸ் கட்டர், ஒரு செயின் பிளாக், மூன்று மாதம். கலை பண்பாட்டுத் துறையும் சிப்காட்டும் உட்கார்ந்து பேசினால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம். மாணவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை: காளை செய்யப்போகிறேன், மயில் செய்யப்போகிறேன் என்று வரைபடத்தோடு வரக்கூடாது. முதல் இரண்டு வாரம் யார்டில் நின்று, எந்த லாரி எங்கிருந்து எதைக் கொண்டுவந்து கொட்டுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். ஏரிக்கரைக் குப்பங்களுக்குப் போய், கிழிந்து கரையில் ஒதுக்கிய நைலான் வலைகளையும் பார்த்துவர வேண்டும். முடிந்த வேலைகள் முதலில் சென்னைக் காட்சிக்கூடத்துக்குப் போகாமல், கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலும் ஆரம்பாக்கத்துப் பள்ளி வளாகத்திலும் நிற்கட்டும். அங்கே அவற்றைப் பார்க்கும் தொழிலாளர்களில் சிலருக்கு, எந்தத் துண்டு எந்த லாரியில் வந்தது என்பது நினைவிருக்கும்.